எலெக்ட்ரிக்கா, பெட்ரோலா? புது எஸ்.யூ.வி. பார்க்கும் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"அடுத்து ஒரு எஸ்.யூ.வி. எடுக்கலாம்னு இருக்கோம். எலெக்ட்ரிக் எடுக்கட்டுங்களா, பெட்ரோலே போதுங்களா?" சர்வீசுக்கு வண்டி விட வரும்போது பலரும் எங்களிடம் கேட்பது இது. கோவையில் நாங்கள் நடத்துவது பழுது பார்க்கும் பட்டறை. எந்த கம்பெனி வண்டியையும் விற்பதில்லை. அதனால் மனதில் பட்டதை அப்படியே எழுதுகிறோம்.

நாங்கள் முதலில் திருப்பிக் கேட்பது, ராத்திரி வண்டி எங்கே நிற்கும் என்பதைத்தான். சொந்த வீடு, போர்டிகோ, பக்கத்திலேயே ஒரு 15 ஆம்ப்ஸ் பிளக் இருந்தால் எலெக்ட்ரிக்கைத் தயங்காமல் பாருங்கள். தெருவில் நிறுத்துகிறவர்கள், கார் பார்க்கிங்கில் லைன் இழுக்க அசோசியேஷன் சம்மதிக்காத அபார்ட்மென்ட்காரர்கள் இப்போதைக்குப் பெட்ரோலே எடுங்கள். வாரம் இரண்டு முறை சார்ஜிங் ஸ்டேஷனில் காத்துக்கிடப்பது குடும்பக்காரருக்குச் சரிப்படாது.

அடுத்தது ஓட்டம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் பெட்ரோல் எஸ்.யூ.வி., ஊருக்குள் லிட்டருக்கு 12 கொடுத்தால், லிட்டர் 100 ரூபாய்க் கணக்கில் சுமார் 8,300 ரூபாய் குடிக்கும். எலெக்ட்ரிக் வண்டி யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் போகும். யூனிட் 12 ரூபாய் என்று தாராளமாகப் போட்டாலும் 1,700 சொச்சம்தான். இரண்டு மாத இ.பி. பில்லில் 290 யூனிட் ஏறும். வீட்டு பில் மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும் என்பதால்தான் யூனிட் விலையைக் கூட்டிப் போட்டோம். ஜி.எஸ்.டி. எலெக்ட்ரிக்குக்கு 5 சதவீதம்; பெட்ரோலில் சின்ன வண்டிக்கு 18, பெரியதற்கு 40. அப்படியிருந்தும் எலெக்ட்ரிக் 4 லட்சம் கூடுதலாக வந்தால், மாதம் 1,000 ஓடுகிறவருக்கு ஐந்து வருடத்தில் அது திரும்பிவிடும். மாதம் 400 மட்டும் ஓடுகிறவருக்குப் பன்னிரண்டரை வருடமாகும். அவருக்கு நாங்கள் எலெக்ட்ரிக் சொல்வதில்லை.

ஊட்டி ஏறுமா என்று கேட்காதவர் இல்லை. நன்றாகவே ஏறும். கோவை கடல் மட்டத்திலிருந்து 411 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். ஆட்களோடு 1,800 கிலோ வரும் வண்டியை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 9 யூனிட் போகும். ரோட்டில் உருளும் செலவையும் சேர்த்தால் 20 யூனிட்டை ஒட்டி வரும். 45 யூனிட் (kWh) கொள்ளும் பேட்டரியில் பாதிகூட ஆகாது. இறங்கும்போதுதான் இந்த வண்டியின் அருமை தெரியும். ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே வண்டியைப் பிடித்து, பேட்டரிக்குக் கொஞ்சம் கரண்டைத் திருப்பிக் கொடுக்கும். பர்லியார் வளைவுகளில் பெட்ரோல் வண்டிகளின் பிரேக் கருகும் வாசனை உங்களுக்குத் தெரியும். எலெக்ட்ரிக்கில் பிரேக் பேடு பல வருடம் உழைக்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஊட்டியில் 100 சதவீதம் ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டாம். நிறைந்த பேட்டரிக்குள் கரண்ட் போக இடமிருக்காது, மோட்டாரின் பிடி குறைந்துவிடும். 80-ல் கிளம்புங்கள்.

செலவே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேட்டரியின் எடையால் டயர் சீக்கிரம் தேயும். சாதாரண 12 வோல்ட் பேட்டரி இதிலும் உண்டு. அது படுத்தால் முழு சார்ஜ் உள்ள வண்டியும் கிளம்பாது. பெரிய பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி என்பதே பரவலான வழக்கம். அதற்குக் குறைந்து எடுக்காதீர்கள்.

எங்களுக்கு வரும் போன்களில் பெரும்பாலும் வண்டியில் குறை இருப்பதில்லை, வீட்டு எர்த்தில்தான் இருக்கிறது. போன சித்திரையில் ஒருவர் வீட்டில் புது வண்டி சார்ஜே ஏறவில்லை, சார்ஜரில் சிவப்பு விளக்கு. போய்ப் பார்த்தால் எர்த் குழி பாறைபோலக் காய்ந்து கிடந்தது. கரியும் உப்பும் போட்டு நான்கு குடம் தண்ணீர் ஊற்றினோம், விளக்கு பச்சைக்கு வந்தது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி உருகிப்போன பிளக் ஒன்றைப் பட்டறை மேஜையிலேயே வைத்திருக்கிறோம். வரும்போது கையில் எடுத்துப் பாருங்கள்.

முன்பணம் கட்டும் முன் கடைசி இரண்டு இ.பி. பில்லையும், வண்டி நிறுத்தும் இடத்தின் போட்டோவையும் கொண்டு வாருங்கள். எலக்ட்ரீஷியனை வீட்டுக்கு அனுப்பி எர்த்தையும் வயரையும் பார்த்துச் சொல்கிறோம். எங்கள் பழைய வாடிக்கையாளர்களுக்கு அதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் பட்டறையினர்