யோகாசனப் போட்டிப் பயிற்சி: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். 2020 டிசம்பரில் மத்திய அரசு யோகாசனத்தைப் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. உடலை வளைத்துக் காட்டினால் மட்டும் போட்டியில் போதாது. ஆசனத்தில் அசையாமல் நிற்க வேண்டும்.

நம் குழுவில் பலர் வளைவதில் தேர்ந்தவர்கள், வலிமையில்தான் குறை இருக்கிறது. சென்ற வாரம் மயூராசனத்தில் கால்கள் தரையை விட்டு எழுந்தவுடனேயே பலருக்கு மணிக்கட்டு நடுங்கியதைக் கண்டேன். முழங்கைகள் வயிற்றில் அழுந்தியிருக்க, முழு எடையும் உள்ளங்கைகளில் இறங்கும் அந்த ஆசனத்தில், மார்பை மெல்ல முன்னே சாய்த்தால் கால்கள் தாமாகவே எழும். உதைத்துத் தூக்கினால் நிலை குலையும்.

ஆகவே வரும் திங்கள் முதல் காலை 5.30 மணிக்கு மணிக்கட்டு, தோள்பட்டைப் பயிற்சிகளை முடித்து, சதுரங்க தண்டாசனத்தில் (உள்ளங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி, முழங்கைகளை மடித்து, உடலைத் தரைக்கு இணையாக நிறுத்தும் ஆசனம்) மூச்சு சீராக நிற்கப் பழகிய பின்னரே கைகளில் நின்று கால்களைத் தேளின் வால்போல் தலைப்பக்கம் வளைக்கும் விருச்சிகாசனத்திற்குச் செல்வோம். வலியை மறைத்துக்கொண்டு செய்வதை நான் ஒழுக்கமாகக் கருதவில்லை; நாள் தவறாமல் வருவதையே கருதுகிறேன். மணிக்கட்டிலோ இடுப்பிலோ வலி உள்ளவர்கள் தயவுசெய்து முன்கூட்டியே என்னிடம் தெரிவியுங்கள்.

வெறும் வயிற்றுடன் வரவும். சிறுவர்களைப் பெற்றோர் 7 மணிக்கு வந்து அழைத்துச் செல்லலாம்.