டூ பாய்ஸின் படங்களை வண்ணத்தில் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கறுப்பின அறிஞர் டபிள்யூ.இ.பி. டூ பாய்ஸ் 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் வைத்த புள்ளிவிவரப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நல்ல முயற்சி. 1946இல் அம்பேத்கர் அவருக்கு எழுதிய கடிதத்தையும் மறக்காமல் சேர்த்திருந்தார்கள். ஆனால் கட்டுரையோடு அச்சான மூன்று படங்களும் கட்டுரை சொல்ல வந்ததையே அழித்துவிட்டன. இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

முதலில் பெயர். கட்டுரை முழுக்க 'து புவா' என்றே வருகிறது. பிரெஞ்சுப் பெயர்தானே என்று அப்படிப் போட்டிருப்பார்கள். 'டூ பாய்ஸ்' என்றுதான் சொல்ல வேண்டும், அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும் என்று அவரே கடிதத்தில் எழுதிவைத்திருக்கிறார். 'நீக்ரோ' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் பெரிய எழுத்து கேட்டுப் பல ஆண்டுகள் வாதாடிய மனிதர் அவர். நியூயார்க் டைம்ஸ் அதை ஏற்றது 1930இல்தான். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லாததால் அந்தப் போராட்டம் நம் கண்ணில் படாது. பெயரையாவது அவர் சொன்னபடி எழுதுவோம்.

இனி படங்கள். பாரிஸுக்குப் போனவை அறுபதுக்கு மேற்பட்ட அட்டைகள். ஒவ்வொன்றும் 28க்கு 22 அங்குலம். நம் ஊர் ஸ்டேஷனரி கடையில் வாங்கும் முழுச் சார்ட்டின் அளவும் இதுதான். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் டூ பாய்ஸும் அவருடைய மாணவர்களும் முன்னாள் மாணவர்களும் மையாலும் நீர்வண்ணத்தாலும் சில மாதங்களில் கையாலேயே வரைந்து முடித்தார்கள். கையில் பணம் மிச்சமில்லாமல், கப்பலின் மிக மலிவான அடித்தட்டு வகுப்பில் பயணம் செய்து, பாரிஸில் அவற்றை நிறுவினார் டூ பாய்ஸ். அப்போது அவருக்கு வயது 32. பலவற்றில் வண்ணம் அலங்காரமாக வரவில்லை. வண்ணத்தை எடுத்துவிட்டால் தகவலும் போய்விடும்.

உங்கள் முதல் படத்தையே பாருங்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களில் அடிமைகள் எத்தனை பங்கு, விடுதலை பெற்றவர்கள் எத்தனை பங்கு என்பதுதான் அதன் பொருள். கீழே கருநிறத் திரள் அடிமைகள். அதன் தலைமேல் ஓடும் மெல்லிய பச்சைப் பட்டை விடுதலை பெற்றவர்கள். 1790இல் 8 விழுக்காடு, 1830இல் 14, 1860இல் மறுபடி 11. எழுபது ஆண்டுகளாக அந்தப் பட்டை கொஞ்சம் தடிக்கிறது, கொஞ்சம் மெலிகிறது, அவ்வளவுதான். 1860க்குப் பிறகு கருந்திரளின் விளிம்பு சரிந்து அடிவரை இறங்குகிறது. 1870இல் பச்சை 100. அடிமைமுறைக்கு முடிவு கட்டிய அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதாமலே அது என்ன செய்தது என்று காட்டிவிட்டார்.

இதைக் கறுப்பு வெள்ளையில் போட்டால் நடுத்தரப் பச்சை அடர்சாம்பலாகிறது. நியூஸ்பிரிண்ட் தாளில் மை பரவுவதால் அது இன்னும் கறுத்து, கீழேயுள்ள கருநிறத்தோடு ஒட்டிக்கொள்கிறது. உங்கள் 34ஆம் பக்கத்தில் தெரிவது ஒரு கறுப்புச் சதுரம். வண்ணம் கட்டுப்படியாகாது என்றால் சாம்பல் தொனியை நம்பாதீர்கள். பச்சை வரும் இடத்தை வெள்ளையாக விட்டு, சாய்கோடு போட்டு நிரப்புங்கள். எந்தத் தாளிலும் நிற்கும்.

சுருக்கியதிலும் தவறு. 28 அங்குல உயரப் படத்தை மூன்றரை அங்குலத்துக்குக் கொண்டுவந்தால் எட்டில் ஒரு பங்கு. மூலத்தில் கால் அங்குலம் இருக்கும் எழுத்து ஒரு மில்லிமீட்டர்கூட இராது. அதை எப்படிப் படிப்பது? மூன்று படத்துக்குப் பதில் ஒன்றை முழுப் பக்கத்தில் போட்டு, எண்களைப் பக்கத்திலேயே தமிழில் தந்திருந்தால் போதும்.

இரண்டாவது படம்தான் அதிகம் வருத்தியது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கறுப்பின மக்கள் 1890இல் எங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு டூ பாய்ஸ் வரைந்த சிவப்புச் சுருளை எடுத்துவிட்டு, அதே எண்களை வட்டப்படமாக மாற்றிவிட்டீர்கள். எண்கள் இவை: பத்தாயிரத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில் 78,139 பேர். ஐயாயிரம் முதல் பத்தாயிரம் வரை உள்ள ஊர்களில் 8,025. இரண்டாயிரத்து ஐந்நூறு முதல் ஐயாயிரம் வரை உள்ளவற்றில் 37,699. நாட்டுப்புறத்திலும் கிராமங்களிலும் 7,34,952. மொத்தம் 8,58,815. வட்டத்தில் இது ஒரு பெரிய துண்டு, இரண்டு சிறு துண்டுகள், ஒரு மயிரிழை. பார்வை அரை நொடியில் நகர்ந்துவிடும். டூ பாய்ஸ் வரைந்ததில் முதல் மூன்று எண்ணும் நேர்கோடுகள். நான்காவதற்குச் சிவப்புக் கோடு தொடங்கி உள்நோக்கிச் சுருண்டுகொண்டே போகிறது. கண் அதன் கூடவே போயாக வேண்டும். அந்தக் கிராமப்புறம் எவ்வளவு பெரியது என்பது அப்படிப் போகும்போதுதான் உறைக்கிறது.

ஏன் சுருள் என்பது வரைந்து பார்த்தால் புரிந்துவிடும். பள்ளி ஆசிரியர்கள் வகுப்பில் செய்து பார்க்கலாம். 10,000 பேருக்கு 1 செ.மீ. என்று வையுங்கள். பச்சைக் கோடு 7.8 செ.மீ., நீலம் 0.8, மஞ்சள் 3.8, சிவப்பு 73.5. ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ.தான். சிவப்பை நேராகப் போட இடமே இல்லை.

சுருளுக்குக் காம்பஸ் போதும். ஒரு நேர்கோடு இழுத்து, அதன்மேல் 5 மி.மீ. இடைவெளியில் அ, ஆ என்று இரண்டு புள்ளி வையுங்கள். அ-வில் முனையை ஊன்றி 5 மி.மீ. ஆரத்தில், ஆ-விலிருந்து தொடங்கி, கோட்டுக்கு மேலே அரைவட்டம். அது கோட்டைத் தொட்ட இடத்திலிருந்து ஆ-வை மையமாக வைத்து 10 மி.மீ. ஆரத்தில் கீழே அரைவட்டம். மறுபடி அ, 15 மி.மீ., மேலே. இப்படி மாறி மாறி ஒன்பது அரைவட்டம் போட்டால் 70.7 செ.மீ. ஆகிவிடும். மிச்சமுள்ள 2.8 செ.மீ.யை வெளிமுனையிலிருந்து நேராக நீட்டி மஞ்சளோடு சேர்க்க வேண்டும். முழுச் சார்ட்டில் என்றால் எல்லா அளவையும் இரட்டிப்பாக்கலாம்.

பிள்ளைகள் தடுமாறும் இடங்கள் சில உண்டு. சுருளை வெளியிலிருந்து தொடங்கினால் நடுவில் நீளம் பொருந்தாது, உள்ளிருந்துதான் வர வேண்டும். பட்டையின் தடிமன் 5 மி.மீ.க்கு மேல் போனால் சுற்றுக்குச் சுற்று இடைவெளி அடைத்துக்கொண்டு சிவப்புத் தட்டு போலாகிவிடும். போஸ்டர் கலரில் தண்ணீர் அதிகமானால் தாள் நெளிந்து வண்ணம் ஓரத்தில் தேங்கும். தயிர்ப் பதத்தில் கலக்கி, ஓரக்கோட்டை முதலில் முடித்துவிட்டு உள்ளே நிரப்புவது நல்லது. மூலப் படத்தின் நகல்மேல் ஸ்கேல் வைத்து அளவெடுக்க வேண்டாம். எண்களிலிருந்து வரையுங்கள்.

மூன்றாவது படம் ஜார்ஜியாவின் கறுப்பின மக்களுடைய நகரச் சொத்து மதிப்பைக் காட்டும் ஏற்ற இறக்கக் கோடு. ஜார்ஜியாவின் வரிக் கணக்கு இனவாரியாக வைக்கப்பட்டதால்தான் டூ பாய்ஸால் இந்தக் கோட்டை இழுக்க முடிந்தது. 1870களில் எழுகிறது, 1890களின் தொடக்கத்தில் உச்சம் தொடுகிறது, பிறகு சரிகிறது. கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு சுற்றியிருந்த எழுத்துகளைத் துடைத்துவிட்டீர்கள். படம் தெளிவாக இருக்கட்டும் என்று வடிவமைப்பாளர் நினைத்திருக்கலாம். அந்தக் கட்டங்களுக்குள் கையால் எழுதியிருந்த சொற்கள்தான் அந்தப் படத்தின் உயிர். தமிழில் சொன்னால்: கு கிளக்ஸ் கொடுமை (கறுப்பின மக்களைத் தாக்கிய வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் வன்முறை). அரசியல் கொந்தளிப்பு. புதிய தொழில்மயத்தின் எழுச்சி. கும்பல் கொலை. நிதி நெருக்கடி. வாக்குரிமைப் பறிப்பும் ஒடுக்கும் சட்டங்களும்.

இச்சொற்கள் இல்லாவிட்டால் அந்தச் சரிவுக்குக் காரணம் கறுப்பின மக்களே என்று யாரும் சொல்லிவிடலாம். அப்படிச் சொல்பவர்கள் அன்று ஏராளம். 1899 ஏப்ரலில், அட்லாண்டாவை அடுத்த நியூனன் என்ற ஊரில் சாம் ஹோஸ் என்ற கறுப்பினத் தொழிலாளியைக் கும்பல் எரித்துக் கொன்றது. அது பற்றி நிதானமாக எழுதிய ஒரு அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகத்துக்கு நடந்துகொண்டிருந்தார் டூ பாய்ஸ். கொல்லப்பட்டவரின் விரல்முட்டிகளைத் தெருவில் ஒரு கடையில் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள் என்று வழியில் கேள்விப்பட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த மாதமே அவருடைய கைக்குழந்தை தொண்டை அடைப்பான் நோயில் இறந்தது. அதற்குப் பிந்தைய மாதங்களில் வரைந்த படத்தில்தான் 'கும்பல் கொலை' என்ற சொல், சொத்துக் கணக்கின் கட்டத்துக்குள் வந்து உட்கார்கிறது. அதைத் துடைக்க யாருக்கும் உரிமையில்லை என்பது என் கருத்து.

மூலப் படங்கள் எல்லாம் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் பெரிய அளவுக் கோப்புகளாகக் கிடைக்கின்றன. பதிப்புரிமை முடிந்துவிட்டது, காசும் கட்ட வேண்டாம். உங்கள் இதழின் உள் அட்டை எப்படியும் வண்ணத்தில்தான் அச்சாகிறது. அடுத்த மாதம் அந்த ஒரு பக்கத்தை மூன்றாவது படத்துக்கு ஒதுக்கி, மேலே தந்துள்ள ஆறு சொற்றொடர்களையும் அவை இருந்த கட்டங்களிலேயே தமிழில் வையுங்கள். மொழிபெயர்ப்பைத் திருத்த வேண்டுமானால் தாராளமாகத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
மதுரை