டிம் லைட்டும் கண்ணைப் பறிக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவில் எதிரே வருகிறவர்கள் லைட்டை டிம் செய்வதே இல்லை என்று வாசகர்கள் எழுதும்போதெல்லாம் எனக்கு மனசு உறுத்துகிறது. முழுக்க டிம்மிலேயே ஓட்டி, ஒரு மாதம் மற்றவர்களின் கண்ணைக் கூச வைத்தவள் நான்.

போன ஐப்பசியில் என் காரின் வலது முன்மூலை ஒரு கல்தூணில் இடித்துவிட்டது. பம்பரையும் அந்தப் பக்க ஹெட்லைட்டையும் கழற்றி மாட்டிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் இரவில் உடுமலையிலிருந்து மடத்துக்குளம் போனால், எதிரே வந்த பஸ், லாரி எல்லாம் என்னைப் பார்த்து லைட்டை அடித்து அடித்து அணைத்தன. காரணம் புரியவில்லை. ஒருநாள் டீக்கடையில் நிறுத்தியபோது ஒரு லாரி டிரைவர் வந்து, "அம்மா, உங்க வலது லைட்டு மேல பார்க்குதுங்க. ரோடே தெரியலைங்க" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார்.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் பக்கத்துத் தோட்டத்துத் தேங்காய்க் களத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். சிமெண்ட் தரை, ஏற்ற இறக்கம் கிடையாது. எதிரே கிடங்கின் வெள்ளைச் சுவர். டயரில் காற்றைச் சரிபார்த்து, டிக்கியைக் காலி செய்து, பையனை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். காரைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு விளக்கின் நடுப்புள்ளிக்கும் நேரே சாக்பீஸால் குறி வைத்தேன். தரையிலிருந்து 65 செ.மீ. பிறகு நேராகப் பின்னால் எடுத்து, டேப் பிடித்து 10 மீட்டரில் நிறுத்தினோம்.

வலது விளக்கை அட்டையால் மறைத்து முதலில் இடது விளக்கைப் பார்த்தோம். சுவரில் ஒரு கோடு: கீழே வெளிச்சம், மேலே இருட்டு. கோட்டின் வலதுபாதி மட்டம், இடதுபாதி சாய்ந்து மேலேறுகிறது. நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள். எதிரே வருகிறவர் கண்ணில் படாமல் வலப்பக்கம் தாழ்ந்தும், ஓரமாக நடப்பவர் தெரிய இடப்பக்கம் உயர்ந்தும் இருக்கும்படி செய்திருக்கிறார்கள். இத்தனை வருடம் ஓட்டியும் இது எனக்குத் தெரியாது.

அட்டையை மாற்றிப் பிடித்தோம். வலது விளக்கின் கோடு சாக்பீஸ் குறிக்கு 12 செ.மீ. மேலே நின்றது. 10 மீட்டரில் 12 என்றால் 50 மீட்டரில் 60. விளக்கின் உயரத்தையும் சேர்த்தால் 125 செ.மீ. எதிர்க்காரில் உட்கார்ந்திருப்பவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும்!

என் காருக்கு 1 சதவீதச் சரிவு என்று குறித்திருந்தது. அதாவது வெளிச்சக் கோடு 10 மீட்டருக்கு 10 செ.மீ. கீழே, தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் நிற்க வேண்டும். பானட்டைத் திறந்தால் விளக்கின் பின்னால் பற்கள் வைத்த வெள்ளைச் சக்கரம். ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை அதில் கொடுத்துக் கால் சுற்று திருப்பினேன். கோடு சற்றே இறங்கியது. இன்னும் கால் சுற்று. சுவரில் காரை பெயர்ந்த இடத்தைத் தாண்டி மெல்ல மெல்லக் கீழே வந்து 55-இல் நின்றது. அரைமணி நேர வேலை, பைசா செலவில்லை. திருகு எங்கே, எந்தப் பக்கம் திருப்புவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். காரோடு தந்த புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஸ்டியரிங் அருகே 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு சிறு சக்கரம் பல கார்களில் உண்டு. பின்சீட்டில் ஆளும் டிக்கியில் மூட்டையும் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அப்போது எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் தாழும். சுவர் முன்னால் சரிபார்க்கும்போது அது 0-இல் இருக்கட்டும். இன்னொன்று, பழைய ஹாலோஜன் பல்புக்கென்று செய்த விளக்கில் எல்.இ.டி. பல்பு மாட்டுவது. என் தங்கை மகன் வண்டியை அதே களத்தில் நிறுத்திப் பார்த்தோம். கோடே இல்லை, சுவர் முழுக்க வெள்ளை. எந்தத் திருகாலும் அதைச் சரிசெய்ய முடியாது. பழைய பல்பையே மாட்டச் சொல்லிவிட்டேன்.

விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூச வைக்கக் கூடாது என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி சொல்கிறது. அதைச் சோதித்துப் பார்க்கத்தான் நமக்கு இடமில்லை. ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும், இடமுள்ள பெட்ரோல் பங்குகளிலும் ஒரு சுவருக்கு வெள்ளையடித்து, அளவுகோடு போட்டு, எதிரே 10 மீட்டரில் தரையில் ஒரு கோடும் போட்டுத் தர அரசு உத்தரவிட வேண்டும்.

தைப்பூசத்துக்கு எங்கள் சாலையில் பழனிக்கு நடப்பவர்கள் இரவிலும் நடக்கிறார்கள். குழந்தையைத் தோளில் சுமந்துகொண்டு, வண்டிகளுக்கு முதுகைக் காட்டி இடது ஓரமாகவே போகிறார்கள். விளக்கு மேலே பார்த்தால் எதிரே வருகிற டிரைவருக்கு அவர்கள் தெரிய மாட்டார்கள். கண் கூசுமே என்று அளவுக்கு மீறித் தாழ்த்திவிட்டால் நமக்கே தெரிய மாட்டார்கள். மார்கழி முடிவதற்குள் இந்தக் கோடுகளைப் போட்டுவிட்டால் இந்த வருடத்து நடைக்கே உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியை,
உடுமலைப்பேட்டை.