முதலாம் வருடக் கட்டில்: கொழும்புப் பல்கலைக்கழகங்களின் விடுதிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாணவர் நலப் பிரிவினருக்கும் விடுதி வார்டன்மாருக்கும் வணக்கம்.

நான் ஹட்டன் பக்கத்தில் உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. தேயிலைத் தோட்டங்களில் இருந்து வரும் எங்கள் பிள்ளைகளுக்கு முதலாம் வருடத்தில் விடுதியில் இடம் கொடுங்கள், அதைப் பதிவு நாளுக்கு முன்பே சொல்லுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி, மொறட்டுவை என்று உங்கள் பல்கலைக்கழகங்களுக்கு எங்கள் பிள்ளைகள் தெரிவாகும்போது தோட்டமே சந்தோஷப்படுகிறது. அந்தச் சந்தோஷத்தோடு வரும் அம்மா அப்பாக்கள் என்னிடம் முதலில் கேட்பது பாடத்தைப் பற்றியல்ல. "டீச்சர், புள்ள எங்க தங்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். உறுதியாகச் சொல்ல என்னிடம் பதில் இருப்பதில்லை. விண்ணப்பம் போட்டிருக்கும், முடிவு வந்திருக்காது. பதிவு நாள் முடிந்து விரிவுரை தொடங்கிய பிறகு ஹொஸ்டல் கிடைத்த பிள்ளைகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

முடிவு தாமதமாகும் அந்த வாரங்களில்தான் குடும்பம் கடன்படுகிறது. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ ஒரு போர்டிங் அறையில் கட்டில் ஒன்று எடுக்க வேண்டுமென்றால் மாத வாடகையோடு முன்பணமும் கேட்பார்கள். கொழுந்து பறிக்கும் தாயின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆனது, 2024இல் 1350 ஆனது. அதுவும் முழுப் பேர், அதாவது முழு நாள் வேலைக்கான பதிவு, விழுந்தால்தான். பறித்த கொழுந்தின் கிலோ குறைந்தால் அரைப் பேர், பாதிச் சம்பளம். பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல உதவித்தொகையை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் மாதம் 7500 ரூபாயாக உயர்த்தியது நல்ல விஷயம், ஆனால் முதல் தவணை கைக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரைக்கும் நகை அடகுக் கடையில் இருக்கும். ஹொஸ்டல் கிடைத்தபின் போர்டிங்கை விட்டு வந்தாலும் கொடுத்த முன்பணம் முழுசாகத் திரும்புவதில்லை. உங்கள் முடிவு பதிவு நாளுக்கு முன்பே தெரிந்திருந்தால் இந்தச் செலவு எதுவுமே தேவைப்பட்டிருக்காது.

பணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் தமிழ் மொழிமூலம் படித்தவர்கள். கணக்கும் இரசாயனமும் நன்றாக வரும். முதல் வாரம் ஆங்கில விரிவுரையில் உட்கார்ந்ததும் தெரிந்த பாடமே தெரியாத பாடமாகிவிடுகிறது. அதைச் சரிசெய்வது பெரும்பாலும் இரவில் நடக்கும் குப்பி, அதாவது மாணவர்களே நடத்தும் வகுப்புதான். சீனியர் அக்கா ஒருவர் ஹொஸ்டல் படிப்பறையில் பத்துப் பேரை உட்காரவைத்து, பழைய வினாத்தாளை விரித்து, புரியும் மொழியில் சொல்லித்தருவார். இரவு எட்டு மணிக்கு கேட் பூட்டும் போர்டிங்கில் இருக்கும் பிள்ளைக்கு அந்த உட்காரல் கிடையாது. மறுநாள் நோட்ஸ் கிடைக்கும், குப்பி கிடைக்காது. முதல் செமஸ்டரில் தவறவிட்ட பாடத்தை இரண்டாம் வருடத்தில் எழுதிக்கொண்டிருக்கும் என் பழைய மாணவர்களிடம் பேசும்போதெல்லாம் எனக்கு இதுதான் மனதை அறுக்கிறது. இரண்டாம் வருடத்தில் போர்டிங்குக்குப் போகட்டும். அப்போது ஊர் பழகியிருக்கும், மொழி பழகியிருக்கும். முதல் வருடம் மட்டும் உள்ளே இருக்க வேண்டும்.

இனி நீங்கள் தூரத்தை அளக்கும் விதத்தைப் பற்றிச் சொல்கிறேன். விடுதி கொடுக்கும்போது பெரும்பாலும் வீட்டு வருமானத்தையும் தூரத்தையும் பார்க்கிறீர்கள். தூரத்தைக் கிலோமீட்டரில் பார்த்தால் நுவரெலியாவும் மாத்தறையும் கொழும்பில் இருந்து கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் தெற்கு அதிவேகப் பாதை 2011இல் காலிவரையும் 2014இல் மாத்தறைவரையும் திறந்தபின் அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குப் பயணம் வெகுவாகக் குறைந்துவிட்டது. எங்களுக்கு அப்படி ஒரு பாதை இல்லை. மஸ்கெலியாவுக்கு அப்பால் ஒரு தோட்டப் பிரிவில் (டிவிஷனில்) இருக்கும் பிள்ளை முதலில் ரோட்டுக்கு இறங்க வேண்டும், பிறகு ஹட்டன் பஸ், அப்புறம் கொழும்பு பஸ். கினிகத்தேன பக்கம் மண் சரிந்தால் அன்றைய பயணமே இல்லை. கிலோமீட்டருக்குப் பதிலாகப் பயண நேரத்தைக் கேளுங்கள். வீட்டு வாசலில் இருந்து கெம்பஸ் வாசல்வரை எத்தனை மணித்தியாலம் என்று விண்ணப்பத்தில் ஒரு கோடு போதும். கிராம சேவகர் அதை உறுதிப்படுத்துவார்.

கடிதம் அனுப்புவதையும் யோசித்துப் பாருங்கள். லயத்தில், அதாவது தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பில், இருக்கும் பல வீடுகளுக்குத் தனி முகவரி இல்லை. தபால் தோட்ட ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. ஒரு வாரத்துக்குள் பதில் கேட்கும் கடிதம் பத்தாவது நாள் கைக்கு வந்தால் அந்தக் கட்டில் வேறொருவருக்குப் போய்விடும். பிள்ளையின் கைப்பேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி போடுவது பெரிய வேலையல்ல. தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி.

இடம் கிடைத்த பிறகு யாரோடு எந்த அறை என்பதையும் பிள்ளையிடம் கேளுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே மூலையில் போட்டால் நாலு வருடமும் அந்த மூலையே உலகமாகிவிடும். மூன்று சிங்களப் பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு தமிழ்ப் பிள்ளையைத் தனியாகப் போட்டால் முதல் மாதம் இரவில் அழுகைதான். நாலு பேர் அறையில் இரண்டும் இரண்டுமாக இருந்தால் நல்லது என்பது என் எண்ணம். எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சுச் சிங்களம் ஓரளவு தெரியும், ஒரு துணை பக்கத்தில் இருந்தால் மிச்சத்தைத் தாங்களே பிடித்துக்கொள்வார்கள்.

பகிடிவதைக்குப் பயந்து விடுதியே வேண்டாம் என்று சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருப்பதை நான் சொல்கிறேன். அவர்கள் கேட்பது அந்த இரவில் யாரைக் கூப்பிடுவது என்பதை. வார்டனின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் தமிழில் அச்சடித்து முதல் நாளே பெற்றோர் கையில் கொடுங்கள்.

பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று பல்கலைக்கழக அனுமதியில் 5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பட்டியலில் உண்டு. உள்ளே எடுக்கும்போது மாவட்டத்தின் நிலைமையைப் பார்க்கும் அரசு, தங்க வைக்கும்போதும் அதைப் பார்க்க வேண்டும். 1952இல் பேராதனைக்குப் பல்கலைக்கழகத்தைக் கொண்டுபோனவர்கள், மாணவர் உள்ளே தங்கிப் படிக்க வேண்டும் என்றே அதைத் திட்டமிட்டார்கள். தோட்டத் தொழிலாளருக்காக 1919இல் நலச் சங்கம் அமைத்த பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயரில் அங்கே ஒரு விடுதியும் இருக்கிறது. கொழும்பில் நிலம் குறைவு, கட்டில் குறைவு என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எல்லா வருடத்துக்கும் கேட்கவில்லை, முதலாம் வருடத்துக்கு மட்டும் கேட்கிறேன்.

அடுத்த தொகுதிக்கான விண்ணப்பப் படிவத்தை அச்சுக்குக் கொடுக்குமுன் பயண நேரத்துக்கு ஒரு கோடும், கைப்பேசி இலக்கத்துக்கு ஒரு கோடும், அறைத் துணைக்கு ஒரு கோடும் சேருங்கள். முடிவைப் பதிவு நாளுக்கு இரண்டு வாரம் முன்பாவது அறிவியுங்கள். படிவத்தின் தமிழ்ப் பிரதியைச் சரிபார்க்க ஆள் தேவையென்றால், நானும் இங்குள்ள மற்ற ஆசிரியர்களும் சம்பளம் எதுவும் இல்லாமல் செய்து தருகிறோம்.

நன்றியுடன்,
ஹட்டனில் இருந்து ஓர் ஆசிரியை