பேமெண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி நடந்து பாக்க சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ஓகேயு மக்களுக்காக, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்காக, நடைபாதைய சரி பண்றோம், ரேம்ப் போடறோம், லிஃப்ட் வெக்கிறோம்னு பேப்பர்ல அடிக்கடி நியூஸ் வருது. படத்தோட வருது, ரிப்பன் வெட்டறாங்க, பக்கத்துல வீல்சேர்ல ஒருத்தர் சிரிச்சிக்கிட்டு இருக்காரு. நல்ல விஷயம்தான், வேணாம்னு யாரு சொல்லுவா. ஆனா ரிப்பன் வெட்டினதுக்கு அப்பறம் அந்த நடைபாதை என்னாச்சுன்னு மட்டும் நியூஸ் வரமாட்டேங்குது. கட்டறதுக்கு காசு இருக்கு, கட்டினத பாத்துக்கறதுக்குதான் ஆளு இல்ல, அத பத்திதான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போச்சுன்னா மன்னிச்சுக்கோங்க.

நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்காரி. என் அண்ணனுக்கு கண்ணு தெரியாது, மசாஜ் வேலை செய்யறாரு. இங்க அவர மாதிரி ஆளுங்க நெறைய பேரு இருக்காங்க. மலேசிய பார்வையற்றோர் சங்கம், எம்ஏபின்னு சொல்லுவோமே, 1951ல ஆரம்பிச்சது, அதோட கட்டடம் இங்கதான், எஸ்டேட்ல இருந்தும் கிராமத்துல இருந்தும் ட்ரெய்னிங்குக்கு வந்தவங்க வேலை கெடச்சதும் இங்கயே ரூம் எடுத்து தங்கிட்டாங்க. அதே ஏரியாவுலதான் பூக்கடை, புடவைக்கடை, வாழையிலை சாப்பாட்டுக்கடை எல்லாம். 2010 அக்டோபர்ல இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்தப்ப லிட்டில் இந்தியான்னு பெருசா தெறந்து வெச்சாங்க, அதுக்கப்பறம் கூட்டம் இன்னும் ஜாஸ்தி. ஆக கண்ணு தெரியாம கம்பு தட்டிக்கிட்டு வேலைக்கு போறவங்களும் தீபாவளிக்கு துணி எடுக்க வர்ற கூட்டமும் ஒரே அஞ்சடியில, அதான் கடை ஓரத்து நடைபாதையில, நடக்கணும்.

நடைபாதையில பதிச்சிருக்கற அந்த மஞ்சள் கல்ல எல்லாரும் பாத்திருப்பீங்க. அது அழகுக்கு வெச்சதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்கறவங்க இன்னும் இருக்காங்க, அதனால சொல்றேன். நீளக்கோடு போட்ட கல்லுன்னா நேரா போகலாம், உருண்டையா புள்ளி வெச்ச கல்லுன்னா நில்லு, முன்னாடி ரோடோ படியோ திருப்பமோ இருக்கு. பாதத்துலயும் கம்பு நுனியிலயும் அது தெரியும். இப்ப கேபிள் போடறோம், தண்ணி பைப் மாத்தறோம்னு தோண்டறவங்க மூடும்போது என்ன பண்றாங்கன்னா கையில கெடச்ச கல்ல எடுத்து வெச்சு மூடிட்டு போயிடறாங்க, சிலபேரு வெறும் சிமெண்ட்ட பூசிட்டு போறாங்க. கோடு இருக்க வேண்டிய எடத்துல புள்ளி வந்தா கண்ணு தெரியாதவரு நடுவுல நின்னு யோசிப்பாரு, பரவால்ல. புள்ளி இருக்க வேண்டிய எடத்துல கோடு வந்தா? நேரா ரோட்டுல எறங்கிடுவாரு. கல்லு வெக்கிறவருக்கு இது தெரியாது, அவரு மேல கோவப்பட்டு பிரயோஜனமும் இல்ல, அவருக்கு யாரும் சொல்லிக்குடுக்கல, எங்கயோ ஒரு நாட்டுல இருந்து வந்து வெயில்ல வேலை செய்யற ஆளு அவரு. சொல்லிக்குடுத்து, முடிஞ்சதும் வந்து பாத்திருக்க வேண்டியவங்க வேற.

இன்னொண்ணு, வெள்ளைக் கம்பு தரையில இருக்கறத மட்டும்தான் சொல்லும். இடுப்புக்கு மேல தொங்கற எதுவும் அதுக்கு தெரியாது. கடை சைன்போர்டு, பூக்கடைக்காரங்க கட்டற குடையோட கம்பி, ஏர்கான் கம்ப்ரசர், இது எல்லாம் நெத்தியிலதான் போயி இடிக்கும். அண்ணன் நெத்தியில ஒரு தழும்பு இருக்கு, எப்படி வந்துச்சுன்னு கேட்டா சிரிச்சிக்கிட்டே "மாலை போட கூப்பிட்டாங்க, கொஞ்சம் வேகமா போயிட்டேன்"னுவாரு.

மோட்டார் சைக்கிள் பிரச்சனைய பத்தி தனியா ஒரு லெட்டர் எழுதலாம். அஞ்சடியில மோட்டார் ஏறக்கூடாதுன்னு இரும்பு தூண் நட்டு வெக்கிறாங்க, ரெண்டு தூணுக்கும் நடுவுல வீல்சேர் போற அளவுக்கு எடம் விடணும்ல, விடலன்னா மோட்டார்காரன் எப்படியோ சாய்ச்சு வளைச்சு ஏறிடுவான், வீல்சேர்காரர்தான் வெளிய நிப்பாரு. ரேம்ப் விஷயமும் இப்படித்தான். ஒரு அடி ஏறணும்னா பன்னெண்டு அடி நீளம் வேணும்னு பொதுவா ஒரு கணக்கு சொல்லுவாங்க, அப்படின்னா பதினஞ்சு சென்டிமீட்டர் ஒசரத்துல இருக்கற திட்டுக்கு கிட்டத்தட்ட ரெண்டு மீட்டர் நீளத்துக்கு ரேம்ப் போடணும். பல எடத்துல ஒரு பலகைய சாய்ச்சு வெச்ச மாதிரி செங்குத்தா சிமெண்ட் கொட்டி வெச்சிருக்காங்க, அதுல தனியா ஏறினா பின்னாடி கவுந்துடும். ரிப்போர்ட்ல மட்டும் "ரேம்ப் இருக்கு"ன்னு டிக் அடிச்சிருப்பாங்க.

சரி சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம். 2008ல மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்துச்சு, ஆக்ட் 685. பொது கட்டடம், பொது வசதி, பஸ், ரயில் எல்லாத்தையும் மத்தவங்க மாதிரியே பயன்படுத்தற உரிமை ஓகேயுவுக்கு இருக்குன்னு நல்லா எழுதியிருக்கு. ஆனா செய்யலன்னா என்ன தண்டனைன்னு தேடினா ஒண்ணும் இல்ல, அபராதம் கெடையாது. அதுமட்டும் இல்ல, 41, 42ஆம் பிரிவுல அரசாங்கத்து மேலயும் நல்லெண்ணத்துல வேலை செஞ்ச அதிகாரிங்க மேலயும் கேஸ் போட முடியாதுன்னு பாதுகாப்பு வேற. நாட்டோட அரசியல் சட்டத்துல 8ஆம் பிரிவுல பாகுபாடு கூடாதுன்னு சொல்றப்ப மதம், இனம், வம்சம், பொறந்த எடம் இருக்கு, 2001ல ஆண் பெண் பேதமும் சேத்தாங்க, உடல் குறை இன்னும் சேரல. ஓகேயு சட்டத்த திருத்தறோம் திருத்தறோம்னு ரொம்ப நாளா பேச்சு ஓடுது. ஓடட்டும்.

நான் சொல்ல வர்றது என்னன்னா அதுவரைக்கும் கவுன்சில்காரங்க கைய கட்டிக்கிட்டு இருக்க வேண்டிய அவசியம் இல்ல. கட்டடச் சட்டம்னு 1984ல வந்த யுபிபிஎல் இருக்கு, அதுல "34ஏ"ன்னு ஒரு விதி அப்பறமா சேத்தாங்க, ஓகேயு உள்ள போறதுக்கும் வெளிய வர்றதுக்கும் கட்டடத்துக்குள்ள நடமாடறதுக்கும் வழி இருக்கணும், ஏற்கனவே கட்டின கட்டடத்தையும் மூணு வருஷத்துக்குள்ள மாத்திக்கணும்னு அதுல இருக்கு. மூணு வருஷம் எப்பவோ முடிஞ்சு போச்சு, சுத்திப் பாருங்க எத்தன கட்டடம் மாறியிருக்குன்னு. இதுல இன்னொரு கூத்து, 2007ல இருந்து புதுக் கட்டடம் முடிஞ்சதுக்கு சர்டிபிகேட் குடுக்கறது கவுன்சில் இல்ல, அந்தக் கட்டடத்தோட ஆர்க்கிடெக்ட்டோ இன்ஜினியரோதான். வேலை சீக்கிரம் முடியட்டும்னு கொண்டு வந்தாங்க, தப்புன்னு சொல்லல, ஆனா கட்டினவன் குடுக்கற காசுல வேலை பாக்கறவரு அந்த ஓகேயு டாய்லெட் கதவு வீல்சேர் நுழையற அளவுக்கு இருக்கான்னு எவ்வளவு அக்கறையா பாப்பாருன்னு நீங்களே யோசிங்க.

மொதல்லயே சரியா செய்யலன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம ரயிலே சாட்சி. 1996ல ஸ்டார் எல்ஆர்டி ஓட ஆரம்பிச்சப்ப வீல்சேர்ல வர்றவங்கள நெனச்சு கட்டல, ஓகேயு மக்கள் ரோட்டுல எறங்கி போராடினாங்க, அதுக்கப்பறம் வந்த புத்ரா லைன்ல லிஃப்ட் வெச்சாங்க. ஸ்டார் லைன்ல லிஃப்ட் வெக்க எவ்வளவு காலம் ஆச்சுன்னு அந்தப் பக்கம் இருக்கறவங்கள கேளுங்க. 2003ல மோனோரயில் வந்துச்சு, மறுபடியும் அதே கதை, சில வருஷத்துக்கு முன்னாடி போராட்டம் நடந்த ஊருலயே படிக்கட்டு ஸ்டேஷன். இப்ப எம்ஆர்டி ஸ்டேஷன்லாம் பாக்கும்போது சந்தோஷமா இருக்கு, லிஃப்ட் இருக்கு, மஞ்சள் கல்லு இருக்கு. ஆனா ஸ்டேஷன் கேட்ட தாண்டி ரோட்டுல கால வெச்சதும் கல்லு உடைஞ்சிருக்கு, பக்கத்துல லோங்காங்குக்கு, அதான் சாக்கடைக்கு, மூடி இல்ல. ஸ்டேஷன் ஒருத்தர் பொறுப்பு, ரோடு ஒருத்தர் பொறுப்பு, லோங்காங் இன்னொருத்தர் பொறுப்பு, விழறது மட்டும் ஒரே ஆளு.

என் வீட்டுக்காரரு கன்ஸ்ட்ரக்‌ஷன் சைட்ல சூப்பர்வைசரா இருந்து ரிட்டயர் ஆனவரு. அவரு சொன்ன விஷயத்துல இருந்துதான் எனக்கு இந்த யோசனை வந்துச்சு. எந்த கான்ட்ராக்ட்லயும் வேலை முடிஞ்சதுன்னு ஒத்துக்கிட்டு கையெழுத்து போடற நாளு ஒண்ணு இருக்கு. அதுக்கப்பறம் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ ஏதாச்சும் கோளாறு வந்தா கான்ட்ராக்டரே சொந்தக் காசுல சரி பண்ணணும், அதுக்கு டிஃபெக்ட் பீரியட்னு பேரு, அதுவரைக்கும் கொஞ்சம் பணத்த புடிச்சு வெச்சிருப்பாங்க இல்லன்னா பேங்க் கேரண்டி இருக்கும். பணம் கையில இருக்கற வரைக்கும்தான் கான்ட்ராக்டர் போன எடுப்பான்னு வீட்டுக்காரரு சொல்லுவாரு. அதனால, கவுன்சில் போடற ஒவ்வொரு நடைபாதை வேலையிலயும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு கண்ணு தெரியாதவரும் ஒரு வீல்சேர்காரரும் அந்த ரோட்ட ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் போயி பாக்கட்டும். அவங்க சரின்னு சொன்னாதான் பேமெண்ட். டிஃபெக்ட் பீரியட் முடியறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ போகட்டும். அவங்களுக்கு அதுக்கு சம்பளம் குடுங்க, தயவுசெஞ்சு டீயும் கரிபாப்பும் குடுத்து போட்டோ எடுத்து அனுப்பாதீங்க. ரோட்ட தோண்டற கம்பெனிங்களுக்கு பெர்மிட் குடுக்கறப்பவும் இதே கண்டிஷன போடலாம், டெபாசிட்ட திருப்பிக் குடுக்கறதுக்கு முன்னாடி கல்லு சரியா இருக்கான்னு பாத்துட்டு குடுங்க. இதுக்கு பார்லிமெண்ட்ல சட்டம் மாத்த வேண்டியதில்ல, கான்ட்ராக்ட் பேப்பர்ல ரெண்டு வரி சேத்தா போதும்.

யாருகிட்ட போயி சொல்றதுன்னு கேக்காதீங்க. கோலாலம்பூர்ல இருக்கறவங்களுக்கு சட்டமன்ற உறுப்பினர் கெடையாது, கூட்டரசுப் பிரதேசம், எம்பி ஒருத்தருக்கு மட்டும்தான் ஓட்டு போடறோம். மேயரையும் நாம தேர்ந்தெடுக்கல. கவுன்சில் தேர்தல 1965ல நிறுத்தினாங்க, இன்னும் வரல. பினாங்குல இருக்கற என் நாத்தனாரு அங்க கவுன்சிலராச்சும் இருக்காரு, நேரா போயி கேக்கலாம்னு சொல்லுவா, அவரும் மாநில அரசாங்கம் நியமிச்சவருதான்னாலும் பேரு தெரிஞ்ச ஒரு மனுஷன் இருக்காருல்ல.

நடைபாதைய விட்டா கவுன்டர் சர்வீஸ். ஒரு ஆபிஸ்ல நம்பர வாயால கூப்பிடறாங்க, காது கேக்காதவரு ஒக்காந்துக்கிட்டே இருக்காரு, அவரு நம்பர் போயி ரொம்ப நேரம் ஆச்சு. 2008 சட்டத்துலயே மலேசிய சைகை மொழிய காது கேக்காதவங்களோட அதிகாரபூர்வ மொழியா ஏத்துக்கிட்டாங்க, கவுன்டர்ல ஒரு ஆளாச்சும் அத கத்துக்க கூடாதா. இன்னொரு எடத்துல அண்ணன் புகார் பண்ண போன் போட்டாரு, ஆப்ல போட்டோ எடுத்து அனுப்புங்கன்னு சொன்னாங்களாம். கண்ணு தெரியாதவரு உடைஞ்ச கல்ல எப்படி போட்டோ எடுப்பாரு, நீங்களே சொல்லுங்க. அரசாங்க வேலையில நூத்துக்கு ஒண்ணு ஓகேயுவுக்குன்னு ஒரு கொள்கை வெச்சிருக்காங்க, அந்த ஒருத்தர அந்த புகார் பிரிவுல ஒக்கார வெச்சிருந்தா இந்தப் பதில் வந்திருக்காது.

நம்ம ஆளுங்களையும் ரெண்டு வார்த்தை சொல்லிட்டுதான் முடிப்பேன். வீல்சேர்லயே போயி டேவான் நெகாராவுல, அதான் பார்லிமெண்ட் மேலவையில, செனட்டரா ஒக்காந்த பத்மாவதி கிருஷ்ணன் நம்ம இனத்துப் பொண்ணு, பெருமையா பேசுவோம். ஆனா நம்ம கல்யாண மண்டபத்துல மேடை ஏற படிக்கட்டு மட்டும்தான் இருக்கு, வீல்சேர்ல வந்த அத்தை கீழ இருந்தே அட்சதை போடணும், இல்லன்னா நாலு பசங்க நாற்காலியோட தூக்கணும், அந்த அத்தை முகத்த பாத்தா தெரியும் அவங்களுக்கு அது எப்படி இருக்குன்னு. சில கோயில்ல வெளிய உருண்ட சக்கரம் உள்ள வரக்கூடாதுங்கறாங்க, துடைச்சிட்டு வரலாமே, இல்லன்னா உள்ளுக்குன்னு ஒரு வீல்சேர் கோயிலே வாங்கி வெக்கலாமே, அன்னதானத்துக்கு குடுக்கற மனசு உள்ளவங்க இதுக்கு குடுக்க மாட்டாங்களா. கடைக்காரங்க, நீங்க நல்லவங்கதான், அண்ணன் வழி தவறினா கைய புடிச்சு கொண்டு வந்து விடறவங்க நீங்கதான், ஆனா அந்த மஞ்சள் கல்லு மேல பொம்மையும் ஸ்டாண்டும் வெக்காம இருந்தா அவரு யாரு கையும் இல்லாம போயிடுவாரு.

தீபாவளி பஜாருக்கு எடம் அளந்து தரையில பெயிண்ட்ல கோடு போட வருவாங்க. அந்தக் கோடு மஞ்சள் கல்லுல இருந்து ஒரு ஆளு நடக்கற அளவுக்கு தள்ளி இருக்கணும்னு இந்த வருஷ லைசன்ஸ்லயே எழுதுங்கன்னு கேட்டுக்கறேன். அளக்க வர்ற அன்னைக்கு சொன்னீங்கன்னா அண்ணனும் கூட வர்றேன்னு சொல்லியிருக்காரு.

இப்படிக்கு,
பிரிக்பீல்ட்ஸ் வாசகி,
கோலாலம்பூர்