‘ஆமா’ போட்ட எல்லாருக்கும்

அன்புள்ள அண்ணாவி தாத்தாவுக்கும், அவர் தலைமையில் பாடும் வில்லுப்பாட்டுக் குழுவுக்கும், எங்கள் ஏழு பேரின் கோட்டித்தனத்தைப் பொறுத்துக்கொண்ட திருநெல்வேலிச் சீமை சனங்களுக்கும்,

வணக்கம். இந்த மடலை எழுதுவது நான் ஒருத்திதான். மற்ற ஆறு பேரும் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு “அவங்களை விட்டுட்டே, இவங்களை விட்டுட்டே” என்று நச்சரிக்கிறார்கள். யாராவது விட்டுப்போயிருந்தால் பழி அவர்களைச் சேரட்டும்.

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மொட்டைமாடியில் எங்கள் விளையாட்டை முதல்முறையாக ஊருக்குக் காட்டினோம். பாதி சினிமா, பாதி வில்லுப்பாட்டு, பாதி கம்ப்யூட்டர் கேம். மூன்று பாதி எப்படி வரும் என்று கேட்டால், கணக்கு எங்களுக்கும் இடிக்கத்தான் செய்கிறது. கொடை என்கிற எங்கள் ஊர்க் கோயில் திருவிழா ராத்திரி ஒன்றில் ஒரு சிறுமி ஆற்றங்கரையிலிருந்து பனங்காட்டு வழியாகச் சுடலைமாடன் சாமி பீடத்துக்கு எண்ணெய் கொண்டுபோகிறாள். கதை அவ்வளவுதான். நேராக நடந்தால் நாற்பது நிமிடம். நின்று, வேடிக்கை பார்த்து, பயந்து, திரும்பி வந்து போனால் நிஜமாகவே விடிந்துவிடும். பெயர் இன்னும் வைக்கவில்லை. ஏழு பேருக்கு ஒன்பது பெயர் பிடித்திருக்கிறது.

2022 அக்டோபரில் வில்லுப்பாட்டுக் கலைஞர் சுப்பு ஆறுமுகம் ஐயா மறைந்த செய்தி வந்த வாரத்தில்தான் இந்தப் பேச்சு தொடங்கியது. சத்திரம் புதுக்குளத்தில் பிறந்து, வில்லைச் சென்னைக்குக் கொண்டுபோய், 2021இல் பத்மஸ்ரீயும் வாங்கிய மனிதர் அவர். ஜங்ஷனில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். எங்களில் இரண்டு பேர் இசை படித்தவர்கள். மூன்று பேர் கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவர்கள். நானும் இன்னொருவனும் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தோம். “நம்மகிட்ட எல்லாம் இருக்குவே, ஒரு கேம் பண்ணுவோம்” என்று யாரோ சொன்னான். யார் சொன்னது என்று இப்போது ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. கணக்கெழுதாமல் டீ தந்த அந்தக் கடை அண்ணாச்சிக்கு முதல் நன்றி. இல்லை, கணக்கெழுதித்தான் வைத்திருக்கிறார் என்று பின்னாலிருந்து தகவல் வருகிறது.

எங்களுக்குத் தெரிந்த இசை சினிமா இசை. மூன்று நிமிடக் காட்சி என்றால் மூன்று நிமிட இசை. படத்தை அளந்து பாட்டைத் தைப்பது. விளையாட்டில் அந்தத் தையல் செல்லாது. ஆடுகிறவர் பனைமரத்தடியில் பத்து நொடி நிற்பாரா, பத்து நிமிடம் நிற்பாரா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பாட்டு அவருக்காகக் காத்திருக்க வேண்டும். அவர் ஓடத் தொடங்கினால் அதுவும் கூட ஓட வேண்டும். இதற்கு உலகம் முழுக்கப் பெரிய கம்பெனிகள் கண்டுபிடித்த வழிகளை எல்லாம் மூன்று மாதம் படித்தோம். மெட்டைத் துண்டு துண்டாக்கி மாற்றிப் போடுவது ஒன்று. வாத்தியங்களை அடுக்கடுக்காகப் பதிந்து ஏற்றி இறக்குவது இன்னொன்று. நாங்கள் செய்தபோது எல்லாமே பஸ்சில் ஏறும்போது செல்போன் பாட்டு அறுந்த மாதிரி இருந்தது.

அந்த நிலையில்தான் அண்ணாவி தாத்தாவிடம் போனோம். நாங்கள் கேட்கப்போனது நான்கு பாட்டு, அவ்வளவே. எங்கள் பிரச்சினையைச் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். தாத்தா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

“ஏட்டி, சாமியாடிக்கு எப்ப அருள் வரும்னு எவனுக்குத் தெரியும்? பத்து நிமிசத்துலயும் வரும், ஒரு மணி நேரமும் ஆவும். வரத்துப் பாடுதவன் அதுவரைக்கும் பாட்டை நிப்பாட்ட முடியுமா? இழுக்கணும். வந்துட்டுன்னா அந்த வரியோட முடுக்கணும். இதுக்கா மூணு மாசம் படிச்சிய?”

அந்தத் திண்ணையில் நாங்கள் ஏழு பேரும் வாயைப் பிளந்துகொண்டு இருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆடுகிறவருக்காகக் காத்திருக்கும் பாட்டு எங்கள் ஊர்க் கொடைகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துகொண்டிருக்கிறது. சாமக்கொடைக்கு விழித்திருந்து அதைக் கேட்டுத்தான் நாங்களும் வளர்ந்தோம். கேட்டோமே தவிரக் கவனிக்கவில்லை.

முதல் பதிவை 2023 கோடையில் செய்தோம். கெடுத்தது நாங்கள்தான். தாளம் பிசகாமல் இருக்க எல்லார் காதிலும் இயர்போன் மாட்டி, மெட்ரோனோமின் டிக் டிக் சத்தத்தை ஓடவிட்டோம். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதியப் பார்த்தோம். வில்லில் கட்டிய மணி எல்லா மைக்கிலும் விழுந்தது. குடம் அடிக்கிறவருக்குப் பக்கத்தில் உடுக்கை இல்லாமல் கை ஓடவில்லை. தாத்தா பொறுமையாகப் பாடிக்கொடுத்துவிட்டு, போகும்போது இயர்போனைச் சுருட்டி என் கையில் வைத்து, “இந்தச் சவத்தை அடுத்த தடவை கொண்டாராத” என்றார்.

அடுத்த தடவை என்று ஒன்று வரும் என யாரும் நினைக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை என்று பேப்பரில் படித்திருப்பீர்கள். சிந்துபூந்துறையில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த தரைத்தள அறைக்குள் தாமிரபரணி வந்தது. மாடி வீட்டு மைனி முழங்கால் தண்ணீரில் இறங்கி எங்கள் கீபோர்டையும் உடுக்கையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். எங்களையும் மாடியில் சேர்த்து, அரிசி தீரும்வரை கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். கட்டிலுக்கடியில் இருந்த ஹார்ட் டிஸ்க்கை யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எட்டு மாத வேலை அதில் இருந்தது. மீட்டுத் தருகிறோம் என்று முன்பணம் வாங்கிய ஒரு கடை மூன்று மாதம் இழுத்தடித்து, அதைத் துடைத்துப் பளபளவென்று திருப்பித் தந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. அந்தக் கடைக்கு இந்த மடலில் இடம் இல்லை. மைனிக்கு எவ்வளவு எழுதினாலும் போதாது.

தண்ணீர் வடிந்த பிறகு, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு தாத்தாவிடம் போய், திரும்பப் பாடித் தர முடியுமா என்று கேட்டோம். அவர் வீட்டுச் சுவரிலும் இடுப்பளவுக்குச் சேற்றுக்கறை இருந்தது. அதைப் பார்த்த பிறகு கேட்டிருக்கவே கூடாது. கேட்டுவிட்டோம். “வருசா வருசம் அதே கதையத்தானட்டி பாடுதோம், இன்னொரு வாட்டி பாடுதுக்கு என்ன?” என்றார்.

இந்த முறை இயர்போன் இல்லை. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஓர் அண்ணாச்சி தன் காலிக் குடோனை ஞாயிற்றுக்கிழமைகளில் திறந்துவிட்டார். தகரக்கூரை, எதிரொலி பயங்கரம். பத்தமடையிலிருந்து கோரைப்பாய்கள் இரவல் வந்தன (பட்டுப்பாய் அல்ல, அதைச் சுவரில் அடித்தால் எங்களை அடித்திருப்பார்கள்). பாய் மட்டும் போதாது என்று தெரிந்து, பின்னால் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சாய்த்து வைத்தோம். குழு முழுவதும் கோயில் பந்தலில் உட்காருகிற அதே வரிசையில் உட்கார்ந்தது. ஒரே கதையை நான்கு விதமாகப் பாடினார்கள்: சிறுமி நடக்கும்போது, தயங்கும்போது, ஓடும்போது, பீடத்தின் முன் நிற்கும்போது.

நான்கையும் எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்று நான் திணறியபோது வழி சொன்னவர் அண்ணாவி அல்ல, பின்பாட்டுப் பாடுகிற மாமா. “நாங்க ‘ஆமா’ போடுத இடத்துல வெட்டும்மா. அங்கனதான் அவரு மூச்சு வாங்குவாரு” என்றார். இப்போது விளையாட்டுக்குள் இருக்கும் நிரல் அதைத்தான் செய்கிறது. நீங்கள் சிறுமியை ஓடவிட்டால், பாட்டு சட்டென்று தாவாது. அடுத்த ‘ஆமா’ வரும்வரை காத்திருந்து, அந்த ‘ஆமா’வைக் கதவாக்கி ஓட்டப் பாட்டுக்குள் நுழையும். ஆடுகிற யாரும் ஒட்டுப்போட்ட இடத்தைக் கண்டுபிடித்ததில்லை. நான் எழுதிய நிரலிலேயே நல்ல பகுதி அதுதான். யோசனை என்னுடையதல்ல.

படப்பிடிப்புக்குக் கேமரா தந்த ஸ்டூடியோ அண்ணாச்சியைச் சொல்ல வேண்டும். எங்கள் சினிமாக்காரர்கள் மூவரும் 24 ஃபிரேமில்தான் எடுப்போம், அதுதான் சினிமா என்று நின்றார்கள். விளையாட்டு ஓடுவது நொடிக்கு 60. 24 அதில் சரியாகப் பங்கு போகாது, காட்சி விக்கும். நான் ஒரு வாரம் சண்டை போட்டும் நடக்காததை, அண்ணாச்சி “முப்பதுல எடுங்கலே, ரெண்டு ரெண்டாப் போயிரும்” என்று ஒரே வரியில் முடித்தார். பிறகு, “பந்தல் லைட்டு மினுங்கும், நம்ம ஊரு கரண்டுக்கு ஷட்டரை அம்பதுலயோ நூறுலயோ வை” என்றார். ஆயிரம் கல்யாணப் பந்தலில் நின்ற கால் அது.

ஸ்ரீவைகுண்டம் போகிற வழியில் ஓர் ஊர்க் கோயிலில் படமெடுக்க அனுமதி கேட்டபோது, கோயிலுக்கு வரி கொடுக்கிற ஊர் வரிக்காரர்கள் கூடி எங்களை நிற்கவைத்து விசாரித்தார்கள். “சாமியைச் சுடுத ஆட்டமா?” என்பது முதல் கேள்வி. இல்லை என்றோம். “சாமி தோக்குமா?” சாமி ஆட்டத்திலேயே வராது, பீடம் மட்டும்தான் என்றோம். ஒரு பெரியவர் கடைசியாகக் கேட்டார்: “அந்தப் பிள்ளை செருப்புப் போட்டிருக்கா?” போட்டிருந்தாள். இப்போது கோயில் எல்லை வந்ததும் அவளாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறாள். திரும்பும்போது அதே இடத்தில் செருப்பு இருக்கும். ஆடிப் பார்த்த சின்னப்பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது அந்தச் செருப்புதான்.

முக்கூடலில் பீடி சுற்றும் ஆச்சி ஒருவர் எங்கள் முதல் சோதனையாளர். பேரனின் 2 ஜிபி போனில் போட்டுக் கொடுத்தோம். ஆச்சி முறத்தை மடியில் வைத்தபடி, போனைச் சுவரில் சாய்த்துவிட்டு, எதையும் தொடாமல் பாட்டுக் கேட்டுக்கொண்டே பீடி சுற்றினார். பதினோரு நிமிடம். சிறுமி ஆற்றங்கரையில் அப்படியே நின்றாள். பிறகு ஆச்சி நிமிர்ந்து, “ஏன் ஒண்ணையே திரும்பத் திரும்பப் பாடுதான்? கதையச் சொல்லச் சொல்லு” என்றார். சும்மா இருக்கிறவருக்கும் கதை நகர வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்காகக் குழு மூன்றாவது முறை குடோனுக்கு வந்தது. இப்போது எதையும் தொடாமல் விட்டால் சிறுமி படித்துறையில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்பாள். ஆச்சிக்காகச் செய்தது. சும்மா இருக்கிற மற்றவர்களும் கேட்கலாம்.

முகம் தெரியாதவர்களுக்கும் நன்றி உண்டு. பனங்காட்டை வரைந்தது பிளெண்டர் மென்பொருளில், விளையாட்டைக் கட்டியது கோடோட் மென்பொருளில். இரண்டுக்கும் நாங்கள் ஒரு பைசா தரவில்லை. பிளெண்டரைப் பொதுச்சொத்தாக்க 2002இல் எங்கெங்கோ இருந்தவர்கள் ஒரு லட்சம் யூரோ திரட்டினார்களாம். தாத்தாவிடம் சொன்னேன். “வரி பிரிச்சுக் கொடை நடத்திருக்கான்” என்றார்.

“அழியும் கலையைக் காப்பாற்றிவிட்டீர்கள்” என்று டியூஷன் சென்டர் மாடியில் இரண்டு மூன்று பேர் மனசாரப் பாராட்டினார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் பக்கத்தில் தாத்தா நின்றுகொண்டிருந்தார், எனக்குக் கூச்சமாகிவிட்டது. சித்திரையிலும் ஆடியிலும் அவரிடம் நாள் வாங்க நாங்களே கெஞ்ச வேண்டியிருக்கிறது. எங்கள் விளையாட்டுதான் அழிய இருந்தது, அதைக் காப்பாற்றியது அவர்.

அந்த மாடியே கடைசி நேரத்தில் கிடைத்ததுதான். அரங்கம் தருவதாகச் சொன்ன இடத்தில் முந்தின நாள் மாலை கையை விரித்துவிட்டார்கள். டியூஷன் வாத்தியார் பெஞ்சை ஒதுக்கி, வெள்ளை வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைத்துத் திரை கட்டிக் கொடுத்தார். தாத்தா கண்ட்ரோலரை, வில்லை அடிக்கிற வீசுகோலைப் பிடிக்கிற மாதிரியே பிடித்தார். சிறுமி முட்டி முட்டி ஒரே பனைமரத்தில் நின்றாள். ஆனால் திரையில் தன் குரல் வரி முடித்த இடத்தில் அவரே சத்தமாக ‘ஆமா’ போட்டார். மாடி முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது.

தாத்தா, இன்னும் மூன்று விஷயம். உங்கள் குழுவுக்கு நாங்கள் தர வேண்டிய மூன்றாம் நாள் சம்பளம் அடுத்த மாதம் ஒன்பதாம் தேதிக்குள் வந்துவிடும். பத்தமடைப் பாய்களில் இரண்டில் மெழுகுவர்த்தி சொட்டியிருக்கிறது, புதிது வாங்கிக் கொடுக்கிறோம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் வீசுகோல் ஒன்று எங்கள் மைக் பையிலேயே வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சாயந்தரம் கொண்டுவருகிறோம், வீட்டில் இருங்கள்.

இப்படிக்கு,
நாங்கள் ஏழு பேர்
சிந்துபூந்துறை (இப்போது மாடியில்)