பரணில் கிடக்கும் சக்கர நாற்காலிகளுக்கு வேலூரில் ஓர் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலையில், காட்பாடியில் நாங்கள் வசிக்கும் பகுதியில் உள்ள பழைய இரும்புக் கடை ஒன்றைக் கடந்து செல்லும்போது, தராசின் மேல் ஒரு சக்கர நாற்காலி மடக்கி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு நின்றுவிட்டேன். இருக்கையின் ரெக்சின் எங்கும் கிழியவில்லை. பின்சக்கரங்களின் ரப்பரில் வார்ப்பில் விழுந்த மெல்லிய கோடுகூட இன்னும் தேயாமல் இருந்தது. தராசு 17 கிலோ காட்டியது. கொண்டுவந்தவர் வாங்கிக்கொண்டு போன தொகை ஐந்நூறு ரூபாயைத் தொடவில்லை. அவர் தெருமுனையைத் தாண்டுவதற்குள் கடைப் பையன் கால்மிதிகளை ஸ்பேனரால் கழற்றத் தொடங்கிவிட்டான்; அலுமினியத்துக்குத் தனி விலை, இரும்புக்குத் தனி விலை. அப்படிப்பட்ட நாற்காலியைப் புதிதாக வாங்க ஆறாயிரம், ஏழாயிரம் ஆகும் என்பது, நடக்க முடியாத ஒருவரை வீட்டில் வைத்துப் பராமரித்த எவருக்கும் தெரியும்.

அந்த மனிதரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் ஒரு காலத்தில் தெரியவில்லை. தெரியாமல் நான் செய்த காரியம், எடைக்குப் போடுவதைவிடக் கேடாக முடிந்தது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் 2018-ஆம் ஆண்டு பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, நான்கு ஆண்டுகள் சக்கர நாற்காலியில் இருந்தார். அவர் காலமாகிக் கருமாதி முடிந்ததும், இறந்தவர் உட்கார்ந்த நாற்காலி வீட்டில் இருக்கக் கூடாது என்று பெரியம்மா சொன்னார். அதை இன்னொருவருக்குக் கொடுப்பது நோயைச் சேர்த்துக் கொடுப்பது போல் ஆகும் என்று மற்றோர் உறவினர் சொன்னார். இரண்டு பேச்சுக்கும் நடுவில் அந்த நாற்காலி ஓராண்டு மாடிப்படிக்குக் கீழே கிடந்தது. பிறகு, ஒடுகத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில், புளிய மரத்திலிருந்து விழுந்து தண்டுவடத்தில் அடிபட்ட ஓர் இளைஞர் நாற்காலி இல்லாமல் பாயிலேயே கிடக்கிறார் என்று கேள்விப்பட்டு, அதைத் துடைத்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு, வாடகைக் குட்டியானையில் ஏற்றிக்கொண்டு நானே போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். அவருடைய தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மனநிறைவோடு வீடு திரும்பினேன்.

ஏழு வாரம் கழித்து அந்த இளைஞரின் அண்ணன் தொலைபேசியில் பேசினார். தம்பிக்குப் பின்புறத்தில் புண் வந்து, சீழ் வைத்து, காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். என் தாயார் பருத்த உடம்பினர். அகலமான இருக்கை உள்ள நாற்காலியைத் தேடித்தான் அவருக்கு வாங்கியிருந்தோம். நான்கு ஆண்டு உட்கார்ந்ததில் இருக்கையின் துணி நடுவில் தொட்டில் போலத் தொய்ந்திருந்தது. அந்த இளைஞரோ மெலிந்தவர். தொய்ந்த இருக்கையில் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்ததால், உடல் எடை முழுவதும் இடப்பக்கத்து எலும்பின் மேல் இறங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால் வலி வந்து எச்சரிக்கவில்லை. தோல் சிவந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காமல் நின்று, பிறகு உடைந்து, ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் புண்ணாகியிருக்கிறது. அது ஆறும் வரை அவர் பல மாதங்கள் குப்புறப் படுத்துக் கிடந்தார். இருக்கையில் போட மெத்தை கொடுத்தேனா, உடம்பை அளந்தேனா, கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும் என்று யாராவது அவருக்குச் சொன்னார்களா? ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் குறை என்னுடையது.

அவரைக் கவனித்த இயன்முறை மருத்துவர் அன்று எனக்குப் பொறுமையாக விளக்கியதை உங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன். உட்கார்ந்தவரின் இடுப்புக்கு இரு பக்கமும் விரல்கள் நுழையும் அளவுக்கு மேல் இடைவெளி கூடாது. முழங்காலின் பின்மடிப்புக்கும் இருக்கையின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரற்கடை இருக்க வேண்டும். கால்மிதி தாழ்ந்திருந்தால் தொடையின் அடிப்பக்கம் நசுங்கும். உயர்ந்திருந்தால் முழங்கால் மேலெழும்பி, எடை எல்லாம் பின்புறத்தில் சேரும். நடப்பதற்கு உதவும் வாக்கரின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் உயரத்தில் அமைய வேண்டும். அக்குளில் வைக்கும் ஊன்றுகோல் அக்குளைத் தொடாமல் இரண்டு மூன்று விரற்கடை கீழே நிற்க வேண்டும். உயரம் கூடினால் அங்குள்ள நரம்பு நசுங்கி, காலுக்கு உதவ வந்த கட்டை கையை மரத்துப்போகச் செய்துவிடும். ஒருவருக்கு அளவாக இருந்தது இன்னொருவருக்கு அளவாக இருக்கும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

இந்தப் பாடம் நம் வட்டாரத்துக்குப் புதியதன்று. 1955-இல் தொடங்கப்பட்ட கரிகிரி தொழுநோய் மையத்தில், உணர்ச்சியிழந்த பாதங்களில் புண் வராமல் இருக்க, பாதத்துக்கு ஏற்ற மெத்தென்ற ரப்பர் செருப்புகளைச் செய்து கொடுத்துப் பல கால்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 1954-இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தது இந்த வேலூரில்தான். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது அவர் முயற்சியால்தான். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியை எவரும் இரங்கத்தக்க பொருளாக நினைத்திருக்க முடியாது. அது அவர் தொழில் செய்த இடம். அப்படிப்பட்ட ஊரில் நல்ல நாற்காலிகள் ஒரு பக்கம் எடைக்குப் போகின்றன, மறு பக்கம் பொருந்தாத நாற்காலிகளில் மனிதர்கள் புண்ணோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

வேலூரில் இப்பொருள்கள் சேரும் அளவு மற்ற ஊர்களைவிட அதிகமாக இருக்கக் காரணமும் உண்டு. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் எனத் தொலைவிலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் விடுதி அறைகளில் தங்குகிறார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்தவருக்கு வாக்கரோ கமோடு நாற்காலியோ இங்கேயே வாங்குகிறார்கள். ஊர் திரும்பும் நாளில், இரண்டு நாள் ரயில் பயணத்துக்கு மூட்டை முடிச்சுகளோடும் நோயாளியோடும் காட்பாடி நிலையத்தின் படிகளில் ஏற வேண்டியவர்களால் அதையும் சுமக்க முடிவதில்லை. அறையைக் காலி செய்யும்போது அது அங்கேயே நின்றுவிடுகிறது. வேலூர் சைதாப்பேட்டையில் ஒரு விடுதியின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், ஐந்து வாக்கர்களும் இரண்டு சக்கர நாற்காலிகளும் வெயிலில் கிடப்பதைப் பார்த்தேன். வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாக்கர்களின் அடி ரப்பர்கள் வெடித்துப் பொடியாக உதிர்ந்தன. விடுதிக் காவலாளி, “யாராவது கேட்டா கொடுத்துடுவோம் ஐயா, யாரும் கேட்டு வர்றதில்ல” என்றார். கேட்டு வர வேண்டியவருக்கு அங்கே இருப்பது எப்படித் தெரியும்?

விற்பதைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவச் செலவில் கடன்பட்ட குடும்பம் தன் நாற்காலியை விற்க நினைத்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை; இலவசமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று அவர்களை நெருக்குவது நியாயமும் இல்லை. ஆனால் குறையை மறைக்காமல் விற்க வேண்டும். வாங்குபவரும் படத்தை மட்டும் பார்த்துப் பணம் அனுப்பிவிடாமல், நேரில் வந்து, சமதரையில் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கையை எடுத்து அது நேராக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். இரு பக்கத்து பிரேக்கையும் போட்டு அசைத்துப் பார்க்க வேண்டும். இருக்கைத் துணி திருகாணி பூட்டிய ஓட்டைகளில் கிழியத் தொடங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வாக்கரானால் நான்கு கால்களின் பொத்தான்களும் ஒரே வரிசை ஓட்டையில் நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அரசு இலவசமாக வழங்கிய உபகரணத்தை மட்டும், தேவை முடிந்த பிறகு, விற்காமல் திருப்பிக் கொடுப்பதே முறை என்பது என் கருத்து.

எல்லாப் பொருளும் கை மாறத் தக்கவை அல்ல. செயற்கைக் காலின் குழி, இழந்த காலின் எஞ்சிய பகுதிக்கு அச்செடுத்துச் செய்யப்படுவது. காலிப்பர் எனப்படும் கால் கவசமும் அப்படியே. அவற்றை இன்னொருவருக்கு மாட்டிவிடக் கூடாது. நோயாளி பயன்படுத்திய இருக்கை மெத்தையையும் தருவது நல்லதன்று, புதிதாக வாங்கிச் சேர்க்க வேண்டும். பேட்டரி நாற்காலியை மின்னேற்றம் செய்யாமல் பல மாதம் ஓரமாக நிறுத்தி வைத்தால் பேட்டரி கெட்டுப்போகும். பிறகு அதை வாங்கிக்கொள்பவருக்குப் பல ஆயிரம் ரூபாய்ச் செலவைத்தான் தானமாகத் தருகிறோம். குழந்தைகளின் நாற்காலிகள்தாம் மிக விரைவில் கை மாற வேண்டியவை. மத்திய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் பெரியவர்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை என்ற வரையறை இருக்க, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஓராண்டு என்று வைத்திருப்பது, பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள் என்ற எளிய காரணத்தால்தான். மூளை வாதம் உள்ள ஒரு குழந்தைக்குச் சிறிதாகிப்போன நாற்காலி, அதே நிலையிலுள்ள அடுத்த குழந்தைக்குப் புத்தம் புதியதுபோல் இருக்கும்.

விழா எடுத்து வரிசையாக நாற்காலிகளை வழங்கும் சங்கங்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும் ஒரே அளவில் வாங்கி அடுக்கிய நாற்காலிகளில், மருத்துவமனையின் பளிங்குத் தரைக்கென்று செய்யப்பட்ட சிறிய முன்சக்கரங்கள் இருப்பின், அவை அணைக்கட்டு வட்டாரத்து மண் தெருவில் ஐந்து அடி போவதற்குள் புதைந்துவிடும். மேடையில் மாலையோடு பெற்றுக்கொண்ட நாற்காலி, வீட்டில் நெல் மூட்டை வைக்கும் இடமாகிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆகவே, மாவட்ட நிர்வாகத்துக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலக வளாகத்திலோ அரசு மருத்துவமனையின் பயன்படாத கட்டடம் ஒன்றிலோ, மழை ஒழுகாத ஓர் அறையை ஒதுக்கித் தர வேண்டும். உபகரணங்களைக் கொண்டுவந்து கொடுப்பவருக்கு ஒரு ரசீது தர வேண்டும். சக்கரம், கம்பி, பேரிங் ஆகியவற்றைப் பழுது பார்க்க வெளியூரிலிருந்து நிபுணர் வர வேண்டியதில்லை. நம் ஊர் சைக்கிள் கடைக்காரர்களுக்கு அந்த வேலை கைவந்த கலை. சோப்பு நீரால் கழுவி, கிருமிநாசினியால் துடைத்து, இருக்கைத் துணியை மாற்றி வைக்க வேண்டும். வாரம் ஒரு நாள் ஓர் இயன்முறை மருத்துவர் அங்கே அமர்ந்து, அளவெடுத்த பிறகே எதையும் ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். இனாமாகக் கொடுப்பதைவிட இரவலாகக் கொடுப்பது நல்லது என்று நினைக்கிறேன். தேவை முடிந்ததும் திரும்பி வரும், இடையில் பழுதானால் கொண்டுவந்து காட்டவும் ஓர் இடம் இருக்கும்.

யாருக்குத் தேவை, யார் வீட்டில் தேவை முடிந்துவிட்டது என்பதைக் கண்டறியப் புதிய ஆள் எடுக்க வேண்டியதும் இல்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே சென்று இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புச் சிகிச்சையும் அளிக்கிறார்கள். ஒரு வீட்டில் நோயாளி எழுந்து நடக்கத் தொடங்கியதும், இன்னொரு வீட்டில் ஒருவர் காலமானதும் அவர்களுக்கே முதலில் தெரிகிறது. அவர்களுடைய பதிவேட்டில் உபகரணத்துக்கென்று ஒரு பத்தியைச் சேர்த்தால், பேர்ணாம்பட்டில் சும்மா கிடக்கும் வாக்கர் குடியாத்தத்தில் காத்திருப்பவருக்குப் போய்ச் சேர வழி பிறக்கும். துக்கத்தில் இருக்கும் குடும்பத்திடம் உடனே கேட்கத் தயக்கமாக இருக்கும் என்பதை அறிவேன். காரியங்கள் முடிந்து சில வாரம் கழித்து, அவர்களுக்குத் தெரிந்த செவிலியர் ஒருவர் மெல்லக் கேட்டால், என் பெரியம்மாவைப் போன்றவர்களும் மறுக்க மாட்டார்கள். வீட்டில் வைத்திருக்கவும் மனமில்லாமல், தூக்கி எறியவும் மனமில்லாமல் தவிப்பவர்கள்தாம் அவர்கள்.

அந்த இளைஞருக்குப் புண் ஆறிவிட்டது. அவர் இப்போது அளவான வேறொரு நாற்காலியில், மெத்தையோடு, வீட்டு வாசலில் சிறிய பெட்டிக்கடை வைத்திருக்கிறார். என் தாயாரின் நாற்காலியை நான் திரும்பப் பெற்று, இருக்கைத் துணியை மாற்றி வைத்திருக்கிறேன். அகலமான இருக்கை தேவைப்படும் ஒருவரை, அளவெடுத்த பிறகு, இயன்முறை மருத்துவர் ஒருவர் காட்டும் வரை அதை எவருக்கும் கொடுப்பதாக இல்லை. மேற்கண்ட கோரிக்கையை வரும் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடைபெறும் மக்கள் குறைதீர்வு நாள் கூட்டத்தில் மனுவாக அளிக்க இருக்கிறேன். வீட்டிலோ விடுதியிலோ இவ்வாறு உபகரணங்களை வைத்திருக்கும் வாசகர்கள், அவை என்ன, எத்தனை, எந்நிலையில் உள்ளன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு அன்று காலை பத்து மணிக்கு அங்கே வந்தால், அந்தத் தாள்களையும் மனுவோடு இணைத்துவிடலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.